நூற்றிருபது வீடுகளும் ஒரு வெடிப்பும்

ஊவா தாழ்ந்த வருமானத்தோர் வாடகைத் தொடர்மாடி அதிகாரசபை என்று பதுளையில் ஒரு அதிகாரசபை இருக்கிறது. அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடிந்தால் உங்களுக்கு நெஞ்சு வருத்தம் எதுவும் இல்லை என்று நம்பலாம். நகரத்துக்குச் சற்று வெளியே, ஹாலி எலப் பக்கமாக, இந்தச் சபை ஐந்து மாடியில் நூற்றிருபது வீடுகளைக் கட்டி வெளிர்நீலத்தில் வர்ணமும் பூசி வைத்திருக்கிறது. கட்டி முடித்து இரண்டு வருடமாகியும் ஒரு வீட்டிலும் ஆளில்லை. அதனால் வீடுகள் மிகச் சுத்தமாக இருக்கின்றன. சுத்தமான அரச கட்டடத்துக்கான கேடயம் இரண்டு வருடமும் இவர்களுக்கே கிடைத்தது.

ஏழைகள் கிடைக்காமல் போகவில்லை. அறுநூற்று நாற்பது குடும்பங்கள் விண்ணப்பித்திருந்தன. ஆனால் ஏழையாக இருப்பது வேறு, தகுதியுள்ள ஏழையாக இருப்பது வேறு. இந்த வித்தியாசம் விளங்காமல் விண்ணப்பம் போட்டவர்களில் சிவசக்தியும் ஒருத்தி.

சிவசக்தி தெமோதரைக்கு மேலே கல்லுமலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். வரிசையாக அறைகள் கட்டிய ஏழாம் லயத்தில் நாலாம் காம்பரா. அந்த ஒற்றை அறையில் அவள், பதுளையில் ஒரு இரும்புக்கடையில் மூட்டை தூக்கும் புருஷன் விஜேந்திரன், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் மதுஷா, மாமனார் இராசையா என நாலு பேர். காம்பராவின் பின்சுவரில் கூரையிலிருந்து தரை வரை ஒரு வெடிப்பு. முதல் வருடம் அதில் தீக்குச்சி போனது, அடுத்த வருடம் விரல் போனது. இப்போது மதுஷா தன் பென்சில்களையும் அடிமட்டத்தையும் அதற்குள்தான் வைக்கிறாள். சுவருக்குப் பின்னால் ஒரு மண்மேடு நின்றது. மண்சரிவைப் பார்க்கிறவர்கள் வந்து பார்த்தார்கள். வெளிச்சுவரில் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டார்கள். அடுத்த மழைக்கு முன் போய்விடுங்கள் என்றார்கள். எங்கே போவது என்று சொல்வது அவர்களுடைய வேலை இல்லை, அதனால் அதைச் சொல்லவில்லை.

பஸ் நிலையத்துச் சுவரில் அதிகாரசபையின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தவன் விஜேந்திரன். ஆனால் அதிகம் ஆசைப்பட்டவர் இராசையாதான். நாற்பத்திரண்டு வருடம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய மனுஷன். தோட்டத்தில் காம்பராவுக்கென்று தனி விலாசம் கிடையாது. கடிதங்கள் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். அதற்குள் நாலு பேர் பிரித்துப் படித்திருப்பார்கள்.

"கீழ் மாடியா கேளு புள்ள, முட்டி வலிக்குது" என்றார் இராசையா. "கதவுல நம்பர் இருக்கும்ல? என் பேருக்கு ஒரு லெட்டர், போஸ்ட்காரன் கதவத் தட்டிக் குடுக்கணும். அது ஒன்னு போதும் எனக்கு."

இருபத்தேழு பக்கப் படிவத்தை நிரப்பிக்கொண்டு பெப்ரவரியில் சிவசக்தி சபைக்குப் போனாள். தகுதிப் பிரிவுக்குப் பொறுப்பான உதவிப் பணிப்பாளர் ஜெயரட்ணம். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து பதினொரு வருடம் ஆகிறது. தன்னால் ஒரு பிழையான ஏழைகூட உள்ளே போனதில்லை என்பதில் அவருக்குப் பெருமை. சரியான ஏழையும் போனதில்லை என்பதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"இப்ப இருக்கிற வீட்டுக்கு என்ன வாடகை குடுக்கிறியள்?" என்று கேட்டார்.

"வாடகை இல்லைங்க ஐயா. தோட்டத்துக் காம்பரா."

"அப்ப சும்மா இருக்கிறியள்."

"ஆமாங்க."

அவர் பேனையை மூடி வைத்தார். "இஞ்ச பாருங்கோ தங்கச்சி. எங்கட சபையின்ர நோக்கமே ஏழையளின்ர செலவைக் குறைக்கிறது. சும்மா இருக்கிற உங்களை வாடகைக்குக் கொண்டு வந்து வைச்சால் உங்கட செலவு கூடும். ஏழையை இன்னும் ஏழையாக்கிப் போட்டன் எண்டு நாளைக்கு என்னைத்தான் கேப்பினம்."

"சொவரு விழுந்துருங்க ஐயா. மழைக்கு முன்ன போகச் சொல்லியிருக்காங்க."

"சுவர் விழுறது வேற பிரிவு" என்றார். ஆனால் அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. விதிக் கோவையைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். அபாய வீட்டில் இருக்கிறவர்கள் வாடகை கொடுக்காவிட்டாலும் சிறப்புப் பிரிவில் வரலாம். நாற்பது புள்ளி வேண்டும். அதற்கு முதலில் செயலமர்வில் தேற வேண்டும், பிறகு வெளிக்கள உத்தியோகத்தர் வந்து அபாயத்தை நேரில் பார்க்க வேண்டும்.

செயலமர்வின் பெயர் 'தொடர்மாடி வாழ்வுக்கான மனப்பாங்கு விருத்தி'. மே மாதத்தில் மூன்று நாள், அந்த வெளிர்நீலக் கட்டடத்திலேயே நடந்தது. சிவசக்தி மூன்று நாள் பேரை, அதாவது மூன்று நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு மாமனாரையும் கூட்டிக்கொண்டு போனாள்.

முதல் நாள் படி ஏறுதல். இருபது கிலோக் கொழுந்தை முதுகில் போட்டுக்கொண்டு அட்டைக்கடியோடு மலை ஏறுகிற பெண்களை வரிசையில் நிறுத்தி, படியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று ஜெயரட்ணம் விளக்கினார்.

"உயரம் எண்டுறது ஒரு பொறுப்பு. பள்ளத்தில இருந்து வந்த ஆக்களுக்கு உயரத்தில தலை சுத்தும். அதை நாங்கள் படிப்படியாத்தான் பழக்க வேணும்" என்றார்.

பதுளையையே மேலிருந்து பார்த்துப் பழகிய பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஐந்து மாடியையும் ஒரு நிமிடத்தில் ஏறி இறங்கி வந்தார்கள். கற்பித்தவர் மூன்றாம் மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். முடிவில் பெண்கள் அத்தனை பேரும் தோற்றார்கள். ஒருத்தியும் கைபிடியைப் பிடிக்கவில்லை. முட்டி வலியால் இரண்டு கையாலும் கைபிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று, முருகா என்று சொல்லி ஏறிய இராசையா முதலாமிடம் பெற்றார்.

இரண்டாம் நாள், மலசலகூடத்தின் கதவைச் சாத்தும் முறை. தோட்டத்தில் சாத்துவதற்குக் கதவு இருந்தால் நாங்களும் சாத்தியிருப்போம் என்று ஒரு பெண் சொன்னாள். எதிர்மறை மனப்பாங்கு என்று அவளுக்கு இரண்டு புள்ளி குறைத்தார்கள். மூன்றாம் நாள், அயலவரோடு சேர்ந்து வாழ்தல். பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள்.

"பக்கத்துக் காம்பராவுல ஆளு புரண்டு படுத்தாலே எங்களுக்குத் தெரியுங்க. அவங்க சமைக்கலன்னா நாங்க குடுத்து விடுவோம்" என்றாள் சிவசக்தி.

"பிழை" என்றார் ஜெயரட்ணம். "முகாமைத்துவக் குழுவுக்கு எழுத்தில முறைப்பாடு செய்ய வேணும்."

இராசையாவுக்கு மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் கிடைத்தது. வீட்டில் ஒருவர் தேறினால் போதும் என்பது விதி. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நடத்துனரிடமும் காட்டினார்.

வெளிக்கள உத்தியோகத்தர் வருகிற கடிதம் செப்டெம்பரில் வந்தது. பெரட்டில் சிவசக்தியின் பெயரைக் கூப்பிட்டபோது வருகைக்கு ஒரே ஒரு நாள் இருந்தது. இந்த இடத்தில்தான் கல்லுமலைத் தோட்டம் ஒரு தவறு செய்தது. வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்த காலத்திலிருந்து எங்கள் தோட்டங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் தண்ணீர் ஓடுகிற கானுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், லயத்தைக் கூட்ட வேண்டும், கிழிந்தது எதுவும் கண்ணில் படக்கூடாது. அது எங்கள் ரத்தத்தில் ஊறிவிட்டது. பசித்த வயிற்றையும் துடைத்து வைத்துக் காட்டுகிற சனம் நாங்கள்.

தோட்டத்து ஆபீசிலிருந்து ஆள் வந்து வெளிச்சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டுப் போனான். சிவப்புப் பெருக்கல் குறி போய்விட்டது. கோயிலிலிருந்து நாலு கதிரை வந்தது. மூன்றாம் காம்பராவிலிருந்து பூப்போட்ட ஆறு கோப்பை வந்தது. இராசையா செம்மண்ணும் சாணமும், கோயில் வேலையில் மிஞ்சிய கொஞ்சம் சீமெந்தும் குழைத்து, மதுஷாவின் பென்சில்களை எடுத்து வைத்துவிட்டு, வெடிப்பை மேலிருந்து கீழ் வரை மூடினார். கைதேர்ந்த கொத்தன்கூட அப்படிப் பூசமாட்டான்.

சிவசக்திக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "மாமா, அவங்க வெடிப்பப் பார்க்கத்தான வாராங்க?"

"அதுக்காக வர்றவங்களுக்கு ஓட்டயக் காட்டுவியா புள்ள? பெரிய ஆளுங்க வாராங்க. வாயால சொல்லுவோம். நம்ப மாட்டாங்களா?" என்றவர், பூசிய இடம் ஈரமாகத் தெரியாமல் இருக்க அதன் மேல் தன் சான்றிதழை மாட்டினார்.

மறுநாள் வெளிக்கள உத்தியோகத்தர் மபாஸ் வந்தார். கதிரையில் உட்கார்ந்து, பூப்போட்ட கோப்பையில் தேநீர் குடித்து, ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டார். நல்ல ருசி என்று சிரித்த முகத்தோடு சொன்னார். பிறகு படிவத்தை எடுத்தார்.

"வெடிப்பு எங்க?"

இராசையா சான்றிதழைத் தூக்கி, சுவரைத் தட்டிக் காட்டினார். "இதுதாங்க சார். நேத்துத்தான் மூடுனேன். கை போகுங்க உள்ள."

"மூடினா வெடிப்பு இல்லத்தானே?"

"தொறந்து காட்டவாங்க? ஒரு நிமிசம், கத்திய எடுத்தாறேன்."

"வேணாம், வேணாம்" என்று மபாஸ் எழுந்தே விட்டார். "அரசாங்க உத்தியோகத்தருக்கு முன்னால வீட்டச் சேதப்படுத்தினா அது வேற குற்றம். நான் கண்டதத்தான் எழுதலாம்."

கண்டதை எழுதினார். கதிரை நாலு. பூப்போட்ட கோப்பை ஆறு. பின்சுவர் அண்மையில் சிறந்த முறையில் பழுதுபார்க்கப்பட்டுள்ளது. வெளிச்சுவர் புதிதாக வெள்ளை பூசப்பட்டுள்ளது. அபாயம்: இல்லை. மொத்தம் பதினொரு புள்ளி.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிக்கு நாமே மாலையும் போட்டு அனுப்பிவைத்தோம்.

ஒக்டோபர் நடுவில் பூச்சு விழுந்தது. வெடிப்பு முன்னைவிடப் பெரிதாக வாயைத் திறந்தது. சிவசக்தி ஒரு நாள் பேரை விட்டுவிட்டு மறுபடி ஜெயரட்ணத்தின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"மறுபரிசீலனைக்கு ஆறு மாசம் இருக்கு தங்கச்சி. அதுக்குள்ள வெடிப்பு அதின்ர பழைய நிலைக்கு வரட்டும். அவசரப்படக் கூடாது."

"மழை வருதுங்க ஐயா."

"மழை அதின்ர பாட்டில வரும். எங்கட ஆண்டு ஜனவரியில தொடங்குது."

"எங்கள வேற எங்கயாவது போய் இருக்கச் சொல்றீங்களாங்க?"

"சீச்சீ, அப்பிடிச் செய்து போடாதேங்கோ!" ஜெயரட்ணம் பதறிப்போனார். "அபாய வீட்டை விட்டு வெளிக்கிட்டால் நீங்கள் அபாய வீட்டில இருக்கிற ஆள் இல்லை. விண்ணப்பமே செல்லாமல் போகும். தகுதி வேணுமெண்டால் அங்கயே இருங்கோ."

அவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

நவம்பரில் நாலு நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு சிவசக்தி கொழுந்து நிறுக்கிற வரிசையில் நின்றாள். மதுஷா பள்ளிக்கூடத்தில். விஜேந்திரன் பதுளையில். இராசையா மட்டும் காம்பராவில் இருந்தார். வெடிப்பால் தண்ணீர் வருகிறது என்று மண் குழைத்து அடைத்துக்கொண்டிருந்ததாக மூன்றாம் காம்பராக்காரி சொன்னாள். வாங்க பெரியப்பா, ஓடிருவோம் என்று அவள் கூப்பிட்டிருக்கிறாள். அங்கயே இருக்கணும்னு ஐயா சொல்லியிருக்காரு என்றாராம். மண்மேடு வந்து மூன்று காம்பராவைக் கொண்டுபோனது. பொழுது சாயத்தான் அவரைத் தோண்டி எடுத்தார்கள். விரல்களில் இருந்த மண் அவர் குழைத்ததா, மலை கொண்டுவந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை.

இவ்வளவு நேரம் நான் கேலியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். இந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை. வயிறு எரிகிறது. எரிச்சலைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஏனென்றால் அதிகாரசபை மேலே போய்விட்டது.

அனர்த்தம் நடந்ததால் ஆறு மாத விதியைச் சபை பெருந்தன்மையோடு தளர்த்தியது. டிசெம்பரிலேயே மபாஸ் மறுபடி வந்தார். சிவசக்தியின் குடும்பம் அப்போது பள்ளிக்கூடத்தில், நாலாம் வகுப்பு அறையில், இன்னும் ஆறு குடும்பங்களோடு இருந்தது. விஜேந்திரன் அவசரமாக அதிபரின் அறைக்குக் கதிரை எடுக்க ஓடப் பார்த்தான்.

"என்னங்க, நில்லுங்க" என்றாள் சிவசக்தி. "கதிரயும் வேணாம், தேத்தண்ணியும் வேணாம். நின்னே பார்க்கட்டும்."

மபாஸ் நின்றே பார்த்தார். அவருக்கும் அந்தக் குடும்பத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால் கூரையைப் பார்த்தார். கூரை: கொங்கிரீட். ஜன்னல்: எட்டு. தண்ணீர்க் குழாய்: ஆறு. மலசலகூடம்: நாலு, கதவுடன். கரும்பலகை: ஒன்று. விளையாட்டு மைதானம்: உண்டு. தற்போதைய வதிவிடம் தொடர்மாடி வீட்டைவிட எல்லா வகையிலும் மேலானது என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

சிவசக்தி பதுளைக்குப் போனாள். இம்முறை ஜெயரட்ணம் எழுந்து நின்று அனுதாபம் சொன்னார். உண்மையாகவே அவர் கண் கலங்கியது. பிறகு உட்கார்ந்தார்.

"பள்ளிக்கூட விசயத்தைக்கூட நான் சமாளிப்பன். ஆனால் எங்கட வீடுகள் நாலு பேருக்குக் கட்டினது. நீங்கள் இப்ப மூண்டு பேர். இன்னொண்டு, சான்றிதழ் அவற்ற பேரில. அதை மாத்தேலாது. நீங்கள் கைபிடியைப் பிடிக்கேல்லைத்தானே?"

"பிடிக்கலைங்க."

"பிடிச்சிருக்கலாம்" என்றார், மிகுந்த வருத்தத்தோடு.

பெப்ரவரியில் இறுதி மதிப்பீடு நடந்தது. கணினி அறுநூற்று நாற்பது விண்ணப்பங்களையும் சான்றிதழில் இருந்த பெயரின்படி பார்த்தது. வீடு முற்றாக அழிந்தது, முழுப் புள்ளி. செயலமர்வில் முதலாமிடம், முழுப் புள்ளி. முதுமைக்கு ஐந்து. முறைப்பாடு எதுவும் செய்யாமைக்கு ஐந்து. நாற்பதைத் தாண்டியவர் மாகாணம் முழுவதற்கும் ஒரே ஒருவர். கல்லுமலைத் தோட்டம், ஏழாம் லயம், நாலாம் காம்பரா, இராசையா.

சபை கூடிப் பேசியது. தகுதி பெற்ற ஒரேயொருவரைக் கௌரவிக்காமல் விடுவது நியாயமல்ல என்று தீர்மானித்தது. இரண்டு நாளில் ஜீப்பில் ஆள் வந்தான். பள்ளிக்கூடத்து அறையின் கதவைத் தட்டி, ஒரு கடிதத்தை நீட்டினான். உறையில் திரு. இராசையா அவர்கள் என்று அச்சடித்திருந்தது. அது அவருடைய பெயருக்கு யாரோ கதவைத் தட்டிக் கொடுத்த முதல் கடிதம். விஜேந்திரன் அதை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பிரிக்காமல் நின்றான். தொடர்மாடிக்கு அவர் பெயரை வைக்கக் குடும்பத்தின் சம்மதம் கேட்டு எழுதியிருந்தார்கள்.

மார்ச்சில் விழா. கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் வந்தார். கானுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. சிவசக்தியையும் விஜேந்திரனையும் மதுஷாவையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஜெயரட்ணம் பேசினார்.

"எங்கட சபையில ஏழையளுக்கு இடமில்லை எண்டு சொல்லுறவைக்கு இண்டைக்குப் பதில் கிடைச்சிருக்கு. ஒரு எளிய தோட்டத் தொழிலாளிக்கு நாங்கள் ஒரு வீட்டை இல்லை, நூற்றிருபது வீட்டையும் குடுத்திருக்கிறம். ஐயா இராசையா இருந்திருந்தால் இண்டைக்கு ஐந்து மாடியும் ஏறியிருப்பார், கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு. அவரைப் போல தகுதியான ஆக்கள் கிடைக்கும் வரைக்கும் இந்த வீடுகளைச் சுத்தமாப் பாதுகாப்பம்!"

பெரியவர் கை தட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு சிவசக்தியைத் திரையை இழுக்கச் சொன்னார்கள். மஞ்சள் திரைக்குப் பின்னால், நுழைவாயில் சுவரில் ஒரு பெரிய கறுப்புக் கல். 'இராசையா நினைவுத் தொடர்மாடி' என்று பொன் எழுத்து. வாசலுக்குப் பொருத்தமில்லாமல் கல்லை ஒரு ஓரமாக, கொஞ்சம் தாழ்த்திப் பதித்திருந்தார்கள்.

ஏன் அங்கே பதித்தார்கள் என்பது சிவசக்திக்கு உடனே விளங்கியது. கல்லின் மேல் விளிம்பிலிருந்து கூரை வரைக்கும், கீழ் விளிம்பிலிருந்து தரை வரைக்கும் ஒரு கோடு ஓடியது. மேலே பூசிய வர்ணம் இன்னும் காயவில்லை. அவள் விரலை வைத்தாள். வர்ணம் விலகி, நகம் வரைக்கும் உள்ளே போனது.

ஜெயரட்ணம் பக்கத்தில் வந்து குனிந்து, உதடு அசையாமல் சொன்னார்: "விரலை எடுங்கோ தங்கச்சி. பெரிய ஆக்கள் வந்திருக்கினம்."

"ஆமாங்க ஐயா" என்றாள் சிவசக்தி. "எங்க மாமாவும் இதேதாங்க சொன்னாரு."

நல்ல மனுசன் என்று ஜெயரட்ணம் தலையாட்டினார். அவளைத் தோளைப் பிடித்து மெல்லக் கீழ் வெடிப்புக்கு முன்னால் நிறுத்திவிட்டு, படம் பிடிப்பவனைக் கூப்பிட்டார்.